இருந்தது என்பதும் இருந்திருக்கலாம் என்பதும்: நடுநிலைப் பள்ளிப் பாடங்களில் பண்டைய நாகரிகங்களின் மொழிநடை

1. முன்னுரை

பதினொரு வயதில் ஆறாம் வகுப்புக்கு வரும் மாணவர், வரலாறு என்னும் பாடத்தைப் பெரும்பாலும் பண்டைய நாகரிகங்களின் வழியாகவே முறையாக அறியத் தொடங்குகிறார். நைல் ஆற்றங்கரை, யூப்ரடீசு, டைகிரிசு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம், சிந்துவெளி ஆகியன அடுத்தடுத்த பாடங்களாகவோ ஒரே பாடத்தின் பகுதிகளாகவோ அமைகின்றன. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளை நடுநிலை என வகுத்துள்ளது. கேட்டதை அப்படியே ஏற்கும் பருவத்திலிருந்து காரணம் கேட்கும் பருவத்திற்கு மாணவர் நகரும் நிலை இது.

இப்பாடங்களில் எவை இடம்பெற வேண்டும், எவை விடுபட்டன என்பன பற்றிப் பேசப்படும் அளவுக்கு அவற்றின் மொழிநடை பேசப்படுவதில்லை. அகழாய்வு அறிக்கைகளும் அவற்றை ஒட்டிய நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளமையால், தமிழில் எழுதப்படும் பாடம் நேரடி மொழிபெயர்ப்பாக இல்லாதபோதும் மொழிபெயர்ப்பின் இயல்புகளைக் கொண்டதாகவே விளங்குகிறது. இவ்வாறு மொழி மாறும்போது பொருள் பெரும்பாலும் சேதமின்றி வந்துசேர்கிறது. ஆனால், அப்பொருள் எவ்வாறு அறியப்பட்டது, எந்த அளவு உறுதியுடையது என்னும் செய்தி வழியில் நழுவிவிடுகிறது. மண்ணில் கிடைத்ததும் அதைக் கண்டு அறிஞர் ஊகித்ததும் ஒரே வினைமுற்றில் வந்து நிற்கின்றன.

ஊகத்தை ஊகமாகவே சொல்லத் தமிழில் வழியில்லையா, இருந்தும் அவ்வழி கைக்கொள்ளப்படவில்லையா என்பதைச் சிந்துவெளிப் பாடத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மூன்று நாகரிகங்களும் சான்றின் தன்மையும்

பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டங்கள் பொறிக்கப்பட்ட கருங்கல் தூண் 1901-02ஆம் ஆண்டுகளில் ஈரானிலுள்ள சூசா நகர அகழாய்வில் கிடைத்தது. ஏறத்தாழ 2.25 மீட்டர் உயரமுள்ள அத்தூண் இன்று பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் சட்டங்களை அறிஞர் 282 என எண்ணிட்டு வழங்குகின்றனர். தான் யார், எந்தத் தெய்வத்தின் அருளால் ஆள்கிறான், எதற்காகச் சட்டம் செய்தான் என்பனவற்றை அரசனே அக்கல்லில் கூறுகிறான். அதனைப் படிக்க உதவும் ஆப்பெழுத்தின் வாசிப்பு 1857ஆம் ஆண்டிலேயே சோதிக்கப்பட்டது. அறிஞர் நால்வர் ஒரே கல்வெட்டைத் தனித்தனியே மொழிபெயர்த்து இலண்டனில் அளிக்க, அம்மொழிபெயர்ப்புகள் பெரிதும் ஒத்திருந்தன. எகிப்தின் நிலையும் இத்தகையதே. 1799இல் கிடைத்த ரொசெட்டாக் கல்லின் துணையோடு 1822இல் சாம்போலியன் அந்நாட்டு எழுத்தின் நெறியை வெளிப்படுத்தினார். அதன்பின் அரசர் பெயர்கள், கோயிற் கணக்குகள், கூலி விவரங்கள் ஆகியன படிக்கப்பட்டன.

சிந்துவெளியின் நிலை வேறு. 1921இல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவிலும், 1922இல் இராக்கல்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவிலும் அகழாய்வைத் தொடங்கினர். 1924 செப்டம்பரில் ஜான் மார்ஷல் இக்கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். நூறாண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்நாகரிகத்தின் எழுத்து அறிஞர் அனைவரும் ஏற்கும் வகையில் படிக்கப்படவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பு 417 குறிகளைப் பட்டியலிடுகிறது. பொறிப்புகள் மிகச் சிறியவை. சராசரியாக ஐந்து குறிகளே ஒரு பொறிப்பில் உள்ளன. இருமொழிப் பொறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே, ஓர் அரசனின் பெயரோ ஒரு தெய்வத்தின் பெயரோ ஒரு சட்டமோ அம்மக்களின் சொல்லாக நமக்கு வந்துசேரவில்லை. செங்கல், வடிகால், எடைக்கல், முத்திரை, மணி, எலும்பு ஆகிய பொருள்களே அங்குச் சான்றுகள்.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு பின்வரும் மூன்று வாக்கியங்களையும் நோக்கலாம்.

(அ) பாபிலோனை ஹம்முராபி ஆண்டார்.
(ஆ) எகிப்தைப் பாரோக்கள் ஆண்டனர்.
(இ) மொகஞ்சதாரோவைப் பூசாரி அரசர்கள் ஆண்டனர்.

மூன்றும் ஒரே அமைப்புடையவை. மூன்றிலும் இறந்தகால வினைமுற்று. முதலிரண்டும் அவ்வரசர்களின் சொந்தப் பதிவுகளால் உறுதிப்படுவன. மூன்றாவதோ ஒரு சிறிய சிலையைக் கண்டு இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ஊகம். இவற்றை அடுத்தடுத்துப் படிக்கும் மாணவருக்கு அவற்றின் அறிதல் நிலைகள் வேறானவை என்பதை உணர்த்தும் இலக்கணக் குறிப்பு ஒன்றுகூட இல்லை.

3. பெயருக்குள் அடங்கிய முடிபுகள்

வாக்கியத்தில் சொல்லப்படும் ஊகத்தை ஐயத்தோடு சொல்ல இடமுண்டு. பெயர்ச்சொல்லுக்குள், குறிப்பாகத் தொகைச்சொல்லுக்குள், புகுந்துவிட்ட ஊகத்திற்கு அந்த இடமும் இல்லை. சிந்துவெளிப் பாடத்தில் வழங்கும் பெயர்கள் பலவும் இத்தகையன.

தானியக் களஞ்சியம்: மொகஞ்சதாரோவின் மேட்டுப் பகுதியில் செங்கல்லால் ஆன 27 மேடைகளும் அவற்றினிடையே குறுகிய இடைவெளிகளும் கொண்ட பெரிய கட்டட அடித்தளம் உள்ளது. 1950இல் அங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அவ்விடைவெளிகளைக் காற்றோட்ட வழிகள் எனக் கொண்டு, கட்டடத்தைத் தானியக் களஞ்சியம் என்றார். அங்குத் தானிய எச்சம் கிடைத்ததாகப் பதிவில்லை என்பதைச் சுட்டிப் பிற்கால ஆய்வாளர் பலர் இக்கருத்தை ஐயுற்றனர். தமிழில் களஞ்சியம் என்னும் சொல் தானியத்தை மட்டுமன்றி, அதைத் திரட்டிக் காக்கும் கோயிலையோ அரண்மனையையோ உடன் நினைவூட்டுவது. ஆகவே இப்பெயரைக் கற்கும் மாணவர், வரி வாங்கிய அரசு ஒன்றையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்.

பெருங்குளம்: ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடைய இச்செங்கற் கட்டடத்தில் நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசப்பட்டுள்ளது. இருபுறமும் இறங்கப் படிகள் உள்ளன. நீரைத் தேக்குவதற்கு அமைந்தது என்பதில் ஐயமில்லை. ஆங்கிலப் பெயர் குளிப்பதைச் சுட்டுகிறது. தமிழ்ப்பெயர் குளத்தைச் சுட்டுகிறது. கோயில் தெப்பக்குளத்தை அறிந்த மாணவர் மனத்தில் திருவிழாவும் தீர்த்தமும் தாமே வந்து சேர்கின்றன. சமயச் சடங்குக்குரிய நீராடல் என்பது அறிஞரிடையே செல்வாக்குள்ள கருத்தே. ஆயினும் காரணங்காட்டி நிறுவவேண்டிய அக்கருத்தைத் தமிழ்ப்பெயர் காரணமின்றியே மாணவரிடம் ஒப்படைத்துவிடுகிறது.

பூசாரி அரசன்: மதகுரு மன்னன் என்றும் வழங்கும் இச்சிலை, 17.5 சென்டிமீட்டர் உயரமுள்ள மாக்கல் சிற்பம். கராச்சியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பது. தாடியும் நெற்றிப் பட்டையும் மூவிதழ்க் கோலமிட்ட மேலாடையும் உடைய ஓர் ஆடவரின் உருவம் என்பதே கண்ணுக்குத் தெரிவது. பூசாரி என்பதும் அரசன் என்பதும் மெசபொத்தேமிய ஆட்சி முறையோடு ஒப்புநோக்கிப் பெறப்பட்டவை. அங்கே அவ்வொப்புமைக்கு எழுத்துச் சான்று உண்டு; இங்கே இல்லை.

நடன மாது: 1926இல் கிடைத்த, 10.5 சென்டிமீட்டர் உயரமுள்ள இவ்வெண்கல உருவம் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மற்றொரு கை நிறைய வளையல் அணிந்து நிற்கும் இளம்பெண் என்பது காட்சி. ஆடுகிறாள் என்பது பெயரிட்டவரின் முடிபு. ஆங்கிலப் பெயரில் சிறுமி அல்லது இளம்பெண் என்னும் பொதுப்பொருளே உள்ளது. மாது, மங்கை, நங்கை என்னும் தமிழ்ச் சொற்களோ பருவத்தையும் தகுதியையும் உடன் ஏற்றுவன.

துறைமுகம்: குஜராத்திலுள்ள லோத்தலில் 200 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள செங்கற் கட்டமைப்பை அதனை அகழ்ந்த எஸ். ஆர். இராவ் கப்பல் தங்குமிடம் என்று விளக்கினார். பாசனத்திற்கான நீர்த்தேக்கமே அது என்னும் மறுப்பு 1968இலேயே எழுந்தது. அதே ஊரில் பண்டகசாலை என வழங்கும் கட்டடத்தின் நிலை வேறு. பின்புறத்தில் துணி, கயிறு, பாய் ஆகியவற்றின் தடம் பதிந்த களிமண் முத்திரைப் பதிவுகள் அறுபதுக்கும் மேல் அங்குக் கிடைத்தன. சரக்குப் பொதிகள் முத்திரையிடப்பட்டன என்பதற்கு அவை நேர்ச்சான்று. ஒரே ஊரின் இரு கட்டடப் பெயர்களுள் ஒன்று நன்கு ஊன்றி நிற்பது. மற்றொன்று விவாதத்தில் இருப்பது. பாடத்திலோ இரண்டும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன.

இப்பட்டியலில் ஊர்ப்பெயர்களும் அடங்கும். மொகஞ்சதாரோ என்பதற்கு இறந்தோர் மேடு எனப் பொருள் கூறுவது வழக்கம். அப்பெயர் பிற்காலச் சிந்தி மொழிக்குரியது; நகரில் வாழ்ந்தவர் அதனை அறியார். மெசபொத்தேமியா என்பது கிரேக்கர் தந்த பெயர். பாரோ என்பது பெரிய இல்லம் எனப் பொருள்படும் எகிப்தியத் தொடரின் திரிபு. அத்தொடர் அரசனையே குறிக்கத் தொடங்கியது அந்நாட்டு வரலாற்றின் பிற்பகுதியில்தான். சிந்துவெளியை அக்காலத்தார் அழைத்த பெயராக அறிஞர் பலர் ஏற்பது மெசபொத்தேமியப் பதிவுகளில் வரும் மெலுகா என்னும் பெயர் ஒன்றே. அதுவும் அயலார் இட்ட பெயர்.

இவை அனைத்திற்கும் தலைமையான நாகரிகம் என்னும் சொல்லும் கவனத்திற்குரியது. நகரத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்த இச்சொல், திருக்குறளின் 580ஆம் குறளில் கண்ணோட்டம் என்னும் பொருளில் வருகிறது. இன்றைய பேச்சில் நடையுடையையும் நயத்தக்க ஒழுக்கத்தையும் குறிக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் நகரம், எழுத்து, தொழிற்பிரிவு, தொலைவணிகம் ஆகியன சேர்ந்த சமூக அமைப்பு என்பது பொருள். இம்மூன்றாம் பொருளைப் பாடத்தின் தொடக்கத்திலேயே வரையறுக்காவிடில், நாகரிக மக்கள் என்னும் தொடரைப் பண்புள்ள மக்கள் என்றே மாணவர் கொள்வார். அவ்வாறாயின் அதே காலத்தில் வேட்டையாடியும் கால்நடை மேய்த்தும் வாழ்ந்தோர் பண்பற்றவர் என்பதும் சொல்லாமலே பெறப்படும்.

4. வினைமுற்று தாங்கும் உறுதி

அறிதலின் உறுதியை உணர்த்தத் தமிழில் வாயில்கள் குறைவில்லை. கிடைத்துள்ளது, காணப்படுகிறது என்பன நேர்க்காட்சிக்குரியன. தெரிகிறது, புலனாகிறது என்பன சான்றிலிருந்து உடனே பெறப்படும் முடிபுக்குரியன. இருந்திருக்க வேண்டும் என்பது வலிய ஊகத்திற்கும், இருந்திருக்கலாம் என்பது மெலிய ஊகத்திற்கும் உரியன. என்று கருதினார் என்பது ஒருவர் கருத்துக்கும், அறிய இயலவில்லை என்பது அறியாமைக்கும் உரியன. ஆறு படிகளும் மாணவர் அறிந்த சொற்களாலேயே ஆனவை. ஆயினும் இவற்றைப் பாடநூலில் ஆளும்போது மூன்று இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன.

முதலாவது, பொருள் மயக்கம். அந்நகரத்தார் வடிகால்களைத் தூய்மை செய்திருக்க வேண்டும் என்னும் வாக்கியம் இருபொருள்படும். தூய்மை செய்தனர் என்று ஊகிக்கிறோம் என்பது ஒன்று. தூய்மை செய்யத் தவறினர் என்பது மற்றொன்று. இருந்திருக்கலாம் என்னும் வடிவமும் இத்தகையதே. நீ முன்பே சொல்லியிருக்கலாம் என்று பேச்சில் வழங்கும்போது, சொல்லவில்லை என்பதே பொருள். மாணவரின் அன்றாடப் பேச்சில் இவ்வடிவங்கள் இரண்டும் குறைகூறலுக்கு மிகுதியாகப் பயன்படுவன. அவற்றின் ஊகப்பொருள் எழுத்துத் தமிழில் தனியே பயிற்றப்பட வேண்டியது. ஒருவேளை என்னும் சொல்லை முன்னே பெய்தால், அல்லது என்று தெரிகிறது என்னும் தொடரைப் பின்னே சேர்த்தால், மயக்கம் பெரிதும் நீங்கும்.

இரண்டாவது, சொல் வரிசை. ஆங்கிலத்தில் ஊகத்தைக் காட்டும் துணைவினை முதன்மை வினைக்கு முன் வருகிறது. ஊகத்தைக் காட்டும் அடையும் பலபோது வாக்கியத்தின் முற்பகுதியிலேயே வருகிறது. தமிழில் வினை இறுதியில் நிற்பதால் ஐயக்குறிப்பும் இறுதிக்குத் தள்ளப்படுகிறது. இது தானியத்தைச் சேமித்து வைக்கப் பயன்பட்ட கட்டடம் என்று கருதப்படுகிறது என்னும் வாக்கியத்தில், முழுக் கூற்றையும் படித்து ஏற்றபின்னரே அது கருத்து என்பது தெரியவருகிறது. பயன்பட்ட என்னும் பெயரெச்சம் அதற்குள் ஒரு செய்தியை உறுதியாக நாட்டிவிடுகிறது. அன்றியும் கருதப்படுகிறது என்பது மாணவரின் பேச்சில் இல்லாத செயப்பாட்டு வடிவம். கருதுபவர் யார் என்பதையும் அது மறைத்துவிடுகிறது. உரக்கப் படிக்கும் வகுப்பறையில் இவ்விறுதிச் சொல் வாக்கியம் முடிந்தது என்பதற்கான ஓசையாக மட்டும் எஞ்சுவதுண்டு.

மூன்றாவது, நடைப் பொருத்தம். கேள்விவழிச் செய்தியை உணர்த்தத் தமிழில் ஆம் என்னும் இடைச்சொல் உண்டு. கன்னடத்தின் அந்தெ, தெலுங்கின் அட, மலையாளத்தின் அத்ரே ஆகியன இத்தகையனவே. ஆனால் இருந்தானாம், ஆண்டானாம் என்னும் வடிவங்கள் தமிழில் கதை கூறலோடு பிணைந்தவை. வரலாற்றுப் பாடத்தில் அவற்றை வைத்தால் ஊகம் என்னும் பொருள் தோன்றாது. கட்டுக்கதை என்னும் பொருளே தோன்றும். போலும் என்பது இலக்கிய நடைக்குரியதாகிப் பாடநூலுக்கு அயலாகிவிட்டது. ஆகவே இவ்விரண்டும் கைவிடத்தக்கன.

5. எளிமையாக்கத்தில் நேரும் இழப்பு

ஐயக்குறிப்பு மறைவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் அறியாமையால் அன்று. எளிமையாக்கும் முயற்சியில்தான் அது நிகழ்கிறது. இதனை ஒரு மாதிரிப் பகுதியால் விளக்கலாம். முதலில், ஆங்கில நடையை ஒட்டிய முழு மொழிபெயர்ப்பு வருமாறு:

பெருங்குளத்துக்கு மேற்கே அமைந்துள்ளதும் நெடுங்காலமாகத் தானியக் களஞ்சியம் என்று இனங்காணப்பட்டு வந்ததுமான பெரிய கட்டடம், வேறு ஏதேனும் பொதுப் பயன்பாட்டுக்கு உரியதாக இருந்திருக்கலாம் என்று இன்று கருதப்படுகிறது.

பொருள் சரி, ஆறாம் வகுப்புக்கு இது ஆகாது. வாக்கிய நீளத்தைக் குறைக்க முற்படுவோர் உட்தொடர்களையும் இறுதித் துணைவினைகளையும் நீக்குகின்றனர். எஞ்சுவது இது:

பெருங்குளத்துக்கு மேற்கே பெரிய தானியக் களஞ்சியம் இருந்தது.

வாக்கியம் தெளிவானது, சிறியது. ஆனால் மூலம் ஐயுற்றதை இது உறுதியாகச் சொல்கிறது. சுருக்கியதால் பொருள் குறைந்தது என்று மட்டும் இதனைக் கூற இயலாது, பொருள் தலைகீழாகிவிட்டது. மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஒரு நெடுவாக்கியத்தில் பின்னிக் கிடக்கும் காட்சியையும் கருத்தையும் பிரித்துத் தனித்தனிச் சிறுவாக்கியங்களாக்குவது அது:

செங்கல் நீர்த்தொட்டிக்கு மேற்கே ஒரு பெரிய கட்டடம் உள்ளது. அதில் 27 செங்கல் மேடைகள் உள்ளன. மேடைகளுக்கு இடையே குறுகிய இடைவெளிகள் உள்ளன. 1950இல் இதை ஆராய்ந்த வீலர், இது தானியக் களஞ்சியம் என்றார். தானியம் கெடாமல் காக்கும் காற்று வழிகளே அவை என்பது அவர் கருத்து. ஆனால், அங்கே தானியம் கிடைத்ததாகப் பதிவு இல்லை. ஒருவேளை, அது வேறு பொதுப்பணிக்கான கட்டடமாக இருந்திருக்கலாம்.

இப்பகுதியில் எந்த வாக்கியமும் பத்துச் சொற்களைத் தாண்டவில்லை. கடினச் சொல்லும் இல்லை. பாடத்தின் அளவு கூடியது உண்மை. ஆனால் கூடிய அளவில் மாணவருக்குக் கிடைப்பது வேறொரு தகவலன்று. ஓர் அறிஞர் எதைக் கண்டு எதை முடிவு செய்தார், அம்முடிவை எதனால் மறுக்கலாம் என்னும் சிந்தனை முறையே கிடைக்கிறது. எளிய நடை என்பது ஐயத்தை விலக்கிய நடை என்னும் எண்ணம் பொருந்தாது என்பதை இது காட்டும்.

6. உரையாசிரியர் மரபில் உள்ள வழி

கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்தல் தமிழ் உரைநடைக்குப் புதியதன்று. இலக்கண இலக்கிய உரையாசிரியர்கள் தம் பொருளைக் கூறியபின், பிறர் கொண்ட பொருளை என்பாரும் உளர், என்று உரைப்பாரும் உளர் எனச் சுட்டுவதைப் பரக்கக் காணலாம். சேனாவரையரும் பரிமேலழகரும் பிறர் உரையை எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணமும் கூறுவர். கருத்தைக் கூறல், மாற்றுக் கருத்தைச் சுட்டல், காரணம் காட்டல் என்னும் மூன்று படிகளும் அங்கு நிறைவாக உள்ளன. செயப்பாட்டு வினையால் கருதுபவரை மறைக்கும் இன்றைய வழக்கம் அம்மரபுக்கு ஒவ்வாதது.

அம்மரபை இன்றைய நடையில் ஏற்க, பாடநூல் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். காட்சிப்பெயரை முதலிலும் விளக்கப்பெயரை அதன்பின்னும் தருதல் ஒன்று: தாடியுடைய ஆடவர் சிலை, மார்ஷல் காலத்து அறிஞர் இதனைப் பூசாரி அரசன் என்றனர் என்பது போல. எனப்படும், என்று அழைக்கப்படும் என்பன வெறும் பெயர் வழக்கையே சுட்டுவன. ஐயத்தைச் சுட்டுவனவாக அவற்றை நம்புதல் கூடாது. கருதப்படுகிறது என்பதற்கு மாற்றாகக் கருதுபவரை எழுவாயாக்கி, ஏனெனில் என்று காரணத்தைத் தருதல் மற்றொன்று. ஊகக் கூற்றுகளில் ஒருவேளை, இதனால், இதிலிருந்து ஆகிய சொற்களை முன்னே நிறுத்தி, இறுதிவினை வரும்வரை மாணவரைக் காக்க வையாதிருத்தல் பிறிதொன்று. ஒரு நூல் முழுவதும் ஒரே படிக்கு ஒரே வினைவடிவத்தை ஆளுதலும் வேண்டும். இருந்திருக்க வேண்டும், இருந்திருக்கலாம் என்பன ஓசை நயம் கருதி மாற்றி ஆளத்தக்கன அல்ல. அவை அளவைக் கருவிகள்.

அனைத்தையும் ஐயத்தோடு கூறுதலும் பிழையே. செங்கற்கள் ஒரே விகித அளவில் செய்யப்பட்டன, எடைக்கற்கள் ஒரு முறைமைக்கு உட்பட்டவை, வீடுகளின் கழிவுநீர் தெரு வடிகாலில் சேர்ந்தது என்பன நேரே காணத்தக்கவை. அவற்றை இருந்தது என்றே உறுதியாகக் கூறவேண்டும். ஐயம் எங்கும் பரவினால் உறுதிக்கும் ஐயத்துக்கும் உள்ள வேறுபாடு மீண்டும் மறையும்.

7. வினாக்களின் மொழி

பாடத்தில் பேணப்பட்ட வேறுபாடு பயிற்சிப் பகுதியில் அழிந்துவிடக்கூடும். கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக, சரியான விடையைத் தேர்ந்தெடுக்க என்னும் வினா வடிவங்கள் ஒரு சொல்லை மட்டுமே விடையாக ஏற்பன. மொகஞ்சதாரோவில் கிடைத்த சிலை யாருடையது என்று வினவினால் பூசாரி அரசன் என்பதற்கே மதிப்பெண். தெரியாது என்பதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் வரலாற்று நோக்கில் தெரியாது என்பதே சரியான விடைக்கு நெருக்கமானது. தேர்வில் வரும் வடிவத்தையே மாணவர் மனத்தில் இருத்துவதால், பாடத்தின் நடையினும் வினாவின் நடை வலிமையுடையது.

இதற்கு மாற்று வடிவங்கள் அரியன அல்ல. பின்வரும் கூற்றுகளுள் எவை அகழாய்வில் கண்டவை, எவை அறிஞர் கருத்து எனப் பிரிக்க என்னும் வினா நடுநிலை மாணவருக்கு எட்டாததன்று. இதனை எவ்வாறு அறிகிறோம், எது கிடைத்தால் இக்கருத்து மாறும் என்பனவும் அவ்வாறே. ஹம்முராபியைப் பற்றியும் சிந்துவெளியைப் பற்றியும் ஒரே வினாவைக் கேட்டு, ஒன்றிற்கு விடை கிடைப்பதும் மற்றொன்றிற்குக் கிடையாததும் ஏன் என வினவினால், எழுத்து என்பதன் அருமையை மாணவர் தாமே உணர்வர்.

8. முடிவுரை

இவ்வேறுபாடு வகுப்பறையோடு நிற்பதன்று. சிந்துவெளி மக்களின் மொழி எது என்னும் வினா இந்தியாவில் அறிஞர் அவைக்கு வெளியிலும் உணர்ச்சியோடு பேசப்படுவது. அது திராவிட மொழி என்னும் கருதுகோளை ஹீராசு பாதிரியார், அஸ்கோ பர்ப்போலா, ஐராவதம் மகாதேவன் ஆகியோர் வெவ்வேறு சான்றுகளால் முன்வைத்தனர். வேதமொழியே என்பாரும் உளர். அக்குறிகள் மொழியைக் குறிக்கும் எழுத்தே அல்ல என 2004இல் ஃபார்மர், ஸ்புரோட், விட்செல் ஆகிய மூவர் வாதிட்டனர். 2025 சனவரியில் இவ்வெழுத்துப் புதிரை விடுவிப்போருக்குத் தமிழ்நாடு அரசு பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்தது. புதிர் இன்னும் புதிராகவே உள்ளது என்பதற்கு அவ்வறிவிப்பே சான்று. இக்கருத்துகளுள் ஒன்றை ஆறாம் வகுப்பில் இருந்தது என்னும் வினைமுற்றால் கற்றவர், பின்னாளில் மாற்றுக் கருத்தைக் கேட்கும்போது அதனை ஆய்வாகக் கொள்ளார்; தாக்குதலாகவே கொள்வார். இருந்திருக்கலாம், ஏனெனில் என்று கற்றவரோ, அந்த ஏனெனில் என்பதன் வலிமையை எடைபோடுவார்.

பண்டைய நாகரிகங்களைக் கற்பித்தலில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு கலைச்சொல்லைக் கண்டுபிடிப்பதோடு முடிவதன்று. மூலத்தில் உள்ள உறுதியின் அளவும் மொழிபெயர்க்கப்பட வேண்டிய பொருளே. அதற்கு வேண்டிய வினைவடிவங்களும் உரைமரபும் தமிழில் உள்ளன. அவற்றின் பொருள் மயக்கங்களை வரையறுத்து, பதினொரு வயது மாணவரின் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே எங்கே பாலம் வேண்டும் என்பதைக் காட்டுதல் மொழியியலாரின் கடமை. பாடநூலாக்கக் குழுக்களில் வரலாற்றறிஞரோடு மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தொடக்கத்திலிருந்தே இடம்பெறுதல் இதனால் இன்றியமையாததாகிறது.